பிந்தி விழுந்த அடிகள்

பிராங்பேர்ட்டில் தன் படுக்கையறை மூலையில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்துக்கொண்டு மிதுசா பாட்டுகளை மிக்சிங் செய்தாள். அண்ணன் கார்த்திகனுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. சனிக்கிழமைகளில் அவன் நிலவறையில் டிரம்ஸ் வாசிப்பான். அவள் ஆறு மைக் வைத்துப் பதிவெடுத்து வந்து ஒவ்வொரு ஒலியாகத் துப்புரவாக்குவாள்.

ஜனவரியில் எடுத்த பாட்டில், காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் மட்டும் மயிரிழை பிந்தி விழுவதைக் கவனித்தாள். கைகள் பிசகவில்லை. வேலைக் களைப்பாக்கும் என்று நினைத்து, திரையில் அந்த அடிகளைப் பிடித்திழுத்துத் தாளக் கோட்டில் நிறுத்தினாள். மார்ச்சில் இன்னும் பிந்தியது. மே மாதப் பதிவில் சில அடிகள் கேட்கவேயில்லை; மிதித்திருந்தான், பலமில்லை. பழைய பாட்டொன்றிலிருந்து நல்ல அடியை வெட்டி அந்த இடங்களில் ஒட்டினாள்.

முடிந்த பாட்டைக் கேட்ட கார்த்திகன் தொடையில் தட்டிச் சிரித்தான். "பாத்தியே, என்ர கால் இப்பவும் மெஷின் மாதிரி."

"ஓம் அண்ணா" என்றாள். சொன்னால் மனம் நோவான் என்று முதலில் விட்டாள். பிறகு, இவ்வளவு நாளும் ஏன் ஒளித்தாய் என்று கேட்பானே என்ற பயத்தில் விட்டாள்.

அக்டோபரில் எஸ்-பான் ரயில் நிலையப் படிக்கட்டில் வலது பாதம் தடக்கி விழுந்தான். மூன்று மருத்துவச் சந்திப்புகளுக்குப் பிறகு நரம்பு மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும். நிறுத்த வழியில்லை, மருந்து கொடுத்துக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

"ஒரு மாதம்" என்றான் கார்த்திகன்.

கூட வந்திருந்த மிதுசா இடைமறித்தாள். "இல்லை, பத்து மாதம்."

மிதுசாவின் வீட்டுக்கு வரும் வழியில், பிந்திய அடிகளைத் தான் திருத்தியதை அவள் சொன்னாள். வந்ததும், அவள் கை வைக்காத பதிவுகளைப் போடச் சொன்னான். மற்ற ஒலிகளை அணைத்துவிட்டுக் கிக்கை மட்டும் மாத வரிசையில் ஓடவிட்டாள். தன் கால் தேய்ந்துகொண்டு போவதை அவன் அசையாமல் கேட்டான். மே மாதப் பதிவு பாதி ஓடியது.

"நிப்பாட்டு."

"களைப்பெண்டுதான் அண்ணா நினைச்சனான்…"

"முதல் மாசம் அப்பிடி நினைச்சிருப்பாய். பிறகு?"

அவன் சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போனான்.

அதன்பின் அவளோடு பேசவில்லை. பெப்ரவரியில் கைகளும் விட்டுப்போயின. வேலைக்குப் போகுமுன் காலையில் அவன் வீட்டுக்குப் போய் முகம் துடைத்து, சட்டை போட்டுவிடுவாள். அவன் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பான்.

மார்ச்சில் ஒரு நாள், மேல் பொத்தானைப் பூட்டும்போது அவன் வாய் திறந்தான்.

"இறுக்காதை. மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு."

நான்கு மாதத்தில் அவளிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.