இலையில் உட்கார்ந்த மாப்பிள்ளை

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியில் இருந்தவர்கள் ஐந்து பேர்தான். தென்காசி நமசிவாயம், அவர் மனைவி வடிவாம்பாள், நமசிவாயத்தின் தங்கை நாச்சியார், மகள் அபர்ணா, வண்டியை ஓட்டிய மாப்பிள்ளை உமாசங்கர். ஐந்தருவிக்குப் போன பிறகு பழக்கடை முகம்மது இஸ்மாயில் சேர்ந்துகொண்டார். அவரோடு ஆறு. ஏழாவதாக ஒருவரும் கிடையாது. பின்னால் ஊரில் பலபேர் தாங்களும் பக்கத்தில் நின்றதுபோலப் பேசியதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

அபர்ணாவுக்கு அது கல்யாணமான பிறகு வரும் முதல் ஆடி, தலை ஆடி. மாதம் பிறப்பதற்கு முன்பே நமசிவாயம் சீர்த்தட்டோடு மதுரைக்குப் போய், மாப்பிள்ளைக்குப் பட்டுக்கரை வேட்டியும் அகலமான சிவப்புக் கரை போட்ட துண்டும் வைத்துக் கொடுத்து, மகளை அழைத்து வந்துவிட்டார். ஆடி முடிகிறவரை பெண் பிறந்த வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். அந்தக் குடும்பத்தில் அதை மீறியவர்கள் யாரும் இல்லை. மீறலாமா என்று கேட்டவர்களும் இல்லை.

உமாசங்கர் கேட்கவில்லை. முதல் சனிக்கிழமையே வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். மதுரையில் ஒரு வங்கியில் அதிகாரி வேலை, சனி ஞாயிறு லீவு. "சும்மா சீசன் பாக்கலாம்னு வந்தேன் மாமா" என்றார்.

வந்த மாப்பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பினால் மரியாதைக் குறைவு. உள்ளே படுக்க வைத்தால் முறைக் கேடு. நமசிவாயம் யோசித்து ஒரு வழி கண்டார். ராத்திரி மாப்பிள்ளை மேலகரத்தில் ஒன்றுவிட்ட தம்பி கைலாசம் வீட்டில் படுத்துக்கொள்வது. பகலில் குடும்பத்தோடு வண்டியில் எங்காவது போய் வருவது. கூடவே அவரும் இருப்பது. இப்படித்தான் முதல் வாரம் குண்டாறு அணைக்கும், அடுத்த வாரம் கடையம் தாண்டி ராமநதி அணைக்கும் போனார்கள். அணைகளைப் பார்த்தவர் நமசிவாயம் ஒருவர்தான். மற்ற நாலு பேரில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மீதி இரண்டு பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மூன்றாவது வாரம் ஐந்தருவியில் குளியல், அதன் பிறகு பண்பொழி திருமலைக் கோயில், தரிசனம் முடித்துத்தான் சாப்பாடு என்று நமசிவாயம் முதல் நாளே சொல்லிவிட்டார். புளியோதரையும் தயிர்சாதமும் தூக்குவாளியில் டிக்கியில் இருந்தன. முன் சீட்டில் அவர், முதுகு சீட்டில் சாயாமல். பின்னால் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் அபர்ணா.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. உமாசங்கர் மேலே இருந்த கண்ணாடியை லேசாகத் திருப்பினார். நமசிவாயம் கையை நீட்டி அதைப் பழையபடி வைத்தார்.

"பின்னால வாற லாரி தெரியணும்லா மாப்ளே."

"லாரிதான இங்கன நடு சீட்ல உக்காந்து சிரிக்குது" என்றாள் நாச்சியார்.

"நாச்சியா!"

"நான் வாயே தொறக்கல அண்ணே."

ஐந்தருவியில் நல்ல கூட்டம். பெண்கள் தங்கள் பக்கம் போனார்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் குளித்தார்கள். குளித்து முடித்து நமசிவாயம் திருநீறு பூசி, உலர்ந்த வேட்டி கட்டி மரத்தடியில் நின்றபோது, உமாசங்கர் தன் போனையும் வாட்சையும் அவர் கையிலிருந்த மஞ்சப்பையிலேயே விட்டுவிட்டு, "நீங்க உக்காருங்க மாமா, நான் இன்னொரு தடவ நின்னுட்டு வாரேன். பொம்பளைங்க வர நேரமாகும்லா" என்றார்.

"மெதுவா குளிங்க. தண்ணி எங்கயும் போகாது."

தண்ணீர் எங்கும் போகவில்லை, வந்தது. மலைமேல் மழை கனத்திருக்க வேண்டும். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த அருவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகி, பிறகு செம்மண் நிறமாகி, கிளையும் சருகுமாகக் கொட்டத் தொடங்கியது. போலீஸ்காரர்கள் விசில் ஊதிக் கூட்டத்தை மேலே ஏற்றினார்கள். துண்டும் டவுசருமாக ஆட்கள் ஓடிவந்தார்கள். நமசிவாயம் படி ஓரத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகமும் வந்து முடிந்தது. மாப்பிள்ளை முகம் வரவில்லை.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் நடுங்கிக்கொண்டே சொன்னார்: "சிவப்புக் கரைத் துண்டு கட்டி ஒருத்தர் கடைசியில அந்தக் கல்லுகிட்ட நின்னாருங்க. அப்புறம் காணலை."

கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் கம்பி வேலியின் அடியில் தண்ணீர் அடித்துக்கொண்டுவந்து சிக்க வைத்திருந்த ஒரு துண்டைக் கழியால் எடுத்துத் தூக்கிப் பிடித்தார். அகலமான சிவப்புக் கரை. தலை ஆடித் துண்டு.

நமசிவாயம் அதைக் கையில் வாங்கினார். பிழியவில்லை. தண்ணீர் அவருடைய உலர்ந்த வேட்டியில் சொட்டிக்கொண்டே இருந்தது. தாயாதிகளோடு கோயில் மண்டகப்படி உரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போனபோதும் குனியாத முதுகு அது. இப்போது ஒரு கை இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது. மதுரையில் சம்பந்திக்கு என்ன சொல்வது? உங்கள் மகனையும் என் மகளையும் மூன்று வாரமாகப் பேசக்கூட விடாமல் நடுவில் உட்கார்ந்திருந்தேன், முறை தவறவில்லை, ஆனால் ஆள் இல்லை என்றா? கண்ணாடியைத் திருப்பி வைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அது மட்டும்தான் ஞாபகம் வந்தது.

பெண்கள் வந்தார்கள். துண்டைப் பார்த்ததும் வடிவாம்பாள், "எய்யா! என் புள்ள எங்க?" என்று போட்ட சத்தத்தில் கூட்டம் சுற்றிக்கொண்டது. அபர்ணா ஈரத்தலையோடு அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"அப்பா, வண்டி நிக்குதான்னு பாத்தீங்களா?"

"வண்டியப் பத்திப் பேசுத நேரமாட்டி இது?" என்றாள் நாச்சியார்.

"நீங்க வாங்கப்பா" என்று அபர்ணா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வண்டி நிறுத்திய இடத்துக்கு எதிரில்தான் முகம்மது இஸ்மாயிலின் கடை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருந்தார். அந்தக் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறைப் பழக்கம். அழுகையைப் பார்த்து எழுந்து வந்தார்.

"யாரத் தேடுதீக அண்ணாச்சி? மருமகனையா? அவிய அப்பமே போயிட்டாவளே!"

"எங்க?"

"எங்கன்னு தெரியாது. விசில் அடிக்கதுக்கு முந்தியே வெள்ள வண்டிய எடுத்துட்டுச் செங்கோட்ட ரோட்டுல போனாவ. எனக்குக் கைகூடக் காட்டுனாவ."

வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. சாரலில் அந்த இடம் மட்டும் இன்னும் முழுதாக நனையாமல், வண்டி அளவுக்கு நீளமாக வெளுத்துக் கிடந்தது. நமசிவாயம் அதையே பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு கடைவாசலில் பழப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"முருகா" என்றார்.

வடிவாம்பாள் அழுகையை நிறுத்தி மூக்கைத் துடைத்தாள். ஆனால் நாச்சியாருக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது.

"அப்பம் விட்டுட்டுப் போயிட்டாரா? சொல்லாம கொள்ளாம? மூணு வாரமா நீ அந்தப் புள்ளைய நடத்துன லட்சணத்துக்கு அண்ணே, நானா இருந்தா மொத வாரமே போயிருப்பேன்."

போன ரத்தம் திரும்புவதற்குள் நமசிவாயத்தின் முகம் மறுபடியும் வெளுத்தது. ஆள் உயிரோடு இருக்கிறார்; ஆனால் மகளை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றால் அது வேறு மாதிரியான சாவு.

"அப்பா" என்றாள் அபர்ணா. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "விட்டுட்டெல்லாம் போகல. அவிய பார்டருக்குப் போயிருப்பாவ."

செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பார்டரில் என்ன இருக்கிறது என்று தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வரிசையாகப் பரோட்டாக் கடை. கோழிக்காக மதுரைக்கு அப்பாலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். முகம்மது இஸ்மாயில் திரும்பி, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த மங்குஸ்தான்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

"அவிய ஆபீஸ்ல கேலி பண்ணுதாங்களாம்பா. வாரா வாரம் குற்றாலம் போயிட்டு பார்டர் கோழி திங்காம வாறியே, நீயெல்லாம் மனுசனான்னு. இன்னிக்குச் சட்டுனு போயிட்டு வந்திரலாம்னு நெனச்சிருப்பாவ."

"திம்பாருன்னு ஒனக்குத் தெரியுமா ஏட்டி?" என்றாள் வடிவாம்பாள்.

"நிச்சயத்துக்கு முந்தியே சொன்னாவ."

"நீயும் சேந்து..."

"ஐயோ இல்லம்மா. முட்ட மட்டும்."

ஆறு தலைமுறையாகச் சைவம் தப்பாத வீடு. சமையல்காரன் வெங்காயம் நறுக்கிய கத்தியை எங்கே வைத்திருந்தான் என்று கேட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்கள். வேறு எந்த நாளிலும் அந்த "முட்ட மட்டும்" என்ற சொல்லுக்கு வீடு இரண்டாகியிருக்கும். நமசிவாயம் மடியில் இருந்த ஈரத் துண்டைப் பார்த்தார்.

"இஸ்மாயில், வண்டி இருக்கா?"

"பழம் ஏத்துத குட்டியானை நிக்கி. நீங்க இங்கன இருங்க அண்ணாச்சி. நான் போயி மருமகனக் கூட்டிட்டு வாரேன். நீங்க அங்கனல்லாம் எறங்க வேண்டாம்."

"என் வீட்டு மாப்பிள்ள. நான்தான் போகணும்." கொஞ்சம் நிறுத்தி, "கண்ணால பாக்கணும்" என்றார்.

காலிக் கூடைகள் பின்னால் உருள, குட்டியானை போயிற்று. நாலாவது கடைவாசலில் வெள்ளை வண்டி நின்றது. முகம்மது இஸ்மாயில் வண்டியை ஓரம் கட்டி, "கூப்பிட்டு விடட்டுமா?" என்றார். நமசிவாயம் அதற்குள் இறங்கிவிட்டார்.

நெற்றியில் திருநீறும் கையில் ஈரத் துண்டுமாக அவர் படியேறியதும் கல்லில் பரோட்டா அடித்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது. உள்ளே புகையும் மசாலா வாடையும். மூலை மேசையில் உமாசங்கர். முன்னால் வாழையிலை, பிய்த்துப் போட்ட பரோட்டா, சால்னா, கோழி. அருவியில் நின்றவனின் பசியோடு குனிந்து தின்றுகொண்டிருந்தவர், மேசையில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். வாயில் இருந்ததை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எச்சில் கையோடு எழுந்தார்.

"மாமா..."

நமசிவாயம் அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். கை இருந்தது, கால் இருந்தது, மூச்சு இருந்தது.

"உக்காருங்க" என்றார்.

"இல்ல மாமா, நான் கை கழுவிட்டு..."

"உக்காருங்க மாப்ளே. இலையில உக்காந்தவங்களப் பாதியில எழுப்புத வழக்கம் எங்க வீட்ல கிடையாது."

உமாசங்கர் உட்கார்ந்தார். நமசிவாயம் துண்டை நாற்காலியின் முதுகில் போட்டார்.

"இது உங்களதுதான?"

"ஆமா மாமா. அங்க கம்பியில காயப் போட்டேன். வரும்போது எடுத்துக்கலாம்னு..."

"வெள்ளம் வந்துட்டு. தண்ணியில கெடந்துது. எடுத்துக் குடுத்தாங்க."

உமாசங்கருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. துண்டையும் மாமனாரின் நனைந்த வேட்டியையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "மாமா, நான் போயிட்டேன்னா...?"

"ஆறுது. சாப்பிடுங்க."

கடைக்காரர் ஓடிவந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நமசிவாயம் உட்காரவில்லை. "ஒரு பன்னீர் சோடா குடுங்க. பாட்டிலோட. தம்ளர் வேண்டாம்" என்றார். மாப்பிள்ளை சாப்பிட்டு முடிக்கிறவரை, தெருவைப் பார்த்து நின்றபடி, அந்தச் சோடாவைக் குடித்தார். அவ்வளவு இனிப்பான சோடாவை அவர் அதற்கு முன் குடித்ததில்லை.

ஐந்தருவிக்குத் திரும்பியதும் அபர்ணா கணவனின் கையில் எல்லார் முன்னாலும் ஒரு அடி அடித்தாள். பிறகு அந்தக் கையை விடவில்லை. நமசிவாயம் மரத்தைப் பார்த்தார். "இனிமே திருமலைக்குப் போக முடியாது, இன்னொரு நாள் குளிச்சுட்டுப் போவோம். பசிக்கி, எலையப் போடுங்க" என்றார்.

பழக்கடைக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து இலை போட்டார்கள். மாப்பிள்ளைக்கும் போட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. நாச்சியார் புளியோதரையை அள்ளி அள்ளி வைத்தாள்.

"நல்லா சாப்பிடுங்க மாப்ளே. பசியில வாடிப் போயிருக்கீக."

இஸ்மாயில் சிரிப்பை அடக்க முடியாமல் ரம்புட்டான் எடுக்கப் போனார். முதலில் சிரித்தது வடிவாம்பாள். அழுது வீங்கிய கண்ணோடு அவள் சிரிக்கச் சிரிக்க எல்லாரும் சிரித்தார்கள். நமசிவாயம் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார்.

வண்டி தென்காசிக்குத் திரும்பும்போது கண்ணாடி மறுபடியும் கொஞ்சம் திரும்பியிருந்தது. அவர் கை அதன் பக்கம் போகவில்லை. மேலகரம் திருப்பத்தில் உமாசங்கர் வேகத்தைக் குறைத்தார்.

"நேரா வீட்டுக்குப் போங்க. கைலாசம் வீட்ல வேண்டாம். இன்னிக்கு நம்ம மாடியில படுத்துட்டு, காலையில மதுரைக்குப் போனா போதும்."

"அண்ணே, ஆடி!" என்றாள் நாச்சியார்.

"ஆடி வருசா வருசம் வரும்" என்றார் நமசிவாயம்.

இரண்டு நாள் கழித்துக் கைலாசம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். மாப்பிள்ளை தன் வீட்டுக்குப் படுக்க வராத வருத்தம் ஒருபக்கம், கேட்ட சேதி ஒருபக்கம். முடிவெட்டும் கடையில் நாலு பேர் இருக்கும்போதே பேசினார்களாம்.

"ஊர்ல என்ன சொல்லுதான் தெரியுமா அண்ணாச்சி? நீங்க பார்டர் கடையில நின்னுட்டு மாப்பிள்ளையோட சேந்து கோழி தின்னீகளாம். நம்ம குடும்பத்துப் பேரு என்னத்துக்கு ஆகும்? நாளைக்குக் கோயில்ல கேட்டா நான் என்ன சொல்ல? நீங்க அந்தப் பக்கமே போகலன்னு சொல்லிரட்டுமா?"

நமசிவாயம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"அது எதுக்கு? போனேன். நான் குடிச்சது பன்னீர் சோடா. கோழி தின்னது மாப்பிள்ள."