கைகாட்டியில் நின்ற பஸ்

ராசாமணியைக் குளிப்பாட்டி முடித்தாகிவிட்டது. மேலே போர்த்தச் சேலைதான் இன்னும் வந்து சேரவில்லை.

வீட்டில் சேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல், கட்டிக்கொண்டு வந்த பெண்ணை வாசல் தாண்டி எடுக்கக்கூடாது. அண்ணன் கையால்தான் அதைப் போர்த்த வேண்டும். அண்ணன் அருணாசலம் அடிவாரத்தில், பேளுக்குறிச்சிப் பக்கம் இருக்கிறார். வேன் கேட்ட இடத்திலெல்லாம் முகூர்த்த நாள் என்று கையை விரித்துவிட்டார்கள். சனத்தைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே மலையேறி, செம்மேட்டில் இறங்கி, ஊருக்கு வரும் கல்லாத்துப்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டதாகப் போன் செய்தார். அதற்குப் பிறகு பேச்சில்லை. செம்மேட்டைத் தாண்டினால் ஊர் வரும்வரை வழியில் யாருடைய போனும் எடுக்காது.

"பொழுது எறங்கறதுக்குள்ள எடுத்தாவணும் சாமியப்பா," என்று பெரியவர் ஒருவர் மறுபடியும் சொன்னார்.

அவள் புருஷன் சாமியப்பன் தலையை ஆட்டினான். காலையில் மரவள்ளிக் காட்டில் அவள் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது பக்கத்தில்தான் இருந்தான். தண்ணீர் கொடுத்தான், குடித்தாள், அவ்வளவுதான். அப்போதிருந்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை, ஏனென்றால் அவன் எப்போதும் அப்படித்தான். அந்த வீட்டுக்கான பேச்சையெல்லாம் ராசாமணியே பேசிவிடுவாள். அது போக மிச்சமிருப்பதை பஸ்காரர்களிடம் பேசுவாள்.

அந்த பஸ்ஸின் பவிசைச் சொல்லியாக வேண்டும். போர்டில் கல்லாத்துப்பட்டி என்றுதான் எழுதியிருக்கும். வருவதென்னவோ ரோடு பிரிகிற கைகாட்டி வரைக்கும்தான். அங்கிருந்து ஊருக்கு ஏறும் ரோடு சரியில்லை, வண்டி திருப்ப இடமில்லை, மழை, மூடுபனி, நேரமாகிவிட்டது என்று டிரைவருக்குக் காரணம் கிடைக்காத நாளே கிடையாது. சனங்களும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே மேட்டில் நடப்பார்கள். சாமியப்பன்தான் முதல் ஆளாக இறங்குவான். நடந்தால் தீர்ந்தது, எதற்கு வாய்ச்சண்டை என்பது அவன் கட்சி.

ராசாமணி இறங்க மாட்டாள். "போர்டுல என்னங்க எழுதியிருக்குது?" என்று கேட்டுவிட்டு ஜன்னலில் சாய்ந்துகொள்வாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு கண்டக்டருக்கு ஓர் இளக்காரம் வந்தது.

"ஓசியில வந்துட்டு சட்டம் வேற பேசறியாம்மா?"

"ஓசிக்குப் பாதி ரோடுதான்னு எங்கயாச்சும் எழுதி ஒட்டியிருக்குதுங்களா? காட்டுங்க, எறங்கிக்கறேன்."

பஸ்ஸே சிரித்தது. ஆரம்பத்தில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு பக்கத்து வீட்டு ராமாயி கூட உட்கார்ந்தாள். பிறகு சந்தைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி இறங்கினாலும் நாளையிலிருந்து கைகாட்டிதான் கடைசி ஸ்டாப், அதனால் யாரும் இறங்கக்கூடாது. இதுதான் அவள் அவர்களுக்குப் போட்ட ஒரே சட்டம். டிரைவர் முனகிக்கொண்டே கியரைப் போடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அந்த மேட்டில் நடக்காமல் வந்து சேர்ந்ததற்கு அவள் பிடிவாதம்தான் காரணம். எப்பேர்ப்பட்ட மனுஷி! ஊரில் யாருக்கும் அதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வந்ததில்லை. அடங்காதவள் என்று சொல்லத்தான் வந்தது.

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் கௌசிகா திடீரென்று நிமிர்ந்தாள்.

"அப்பா, இன்னைக்கு அம்மா பஸ்ஸுல இல்லியே. அம்மா இல்லாத பஸ்ஸு கைகாட்டியத் தாண்டாதுப்பா."

சாமியப்பன் எழுந்துவிட்டான். பங்காளி சென்றாயன் பைக்கை எடுத்தான். "பொணத்தப் போட்டுட்டு புருசங்காரன் எங்க போறான்?" என்று யாரோ கேட்டது பின்னாலேயே வந்தது.

கௌசிகா சொன்னபடியே கைகாட்டியில் பஸ் நின்றிருந்தது. டிரைவர் மாதேஸ்வரன் கீழே இறங்கி நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரத்தில் அருணாசலம் மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பையின் வாயில் புதுச் சேலையின் அரக்குக் கரை தெரிந்தது.

"நல்லதாப் போச்சு," என்றான் சென்றாயன். "அண்ணனையும் கோடியையும் வண்டியில ஏத்திக்கலாம். மத்தவங்க நடந்து வரட்டும்."

"என்னைய எறங்க உட மாட்டேங்கறாங்க மாப்ள," என்றார் அருணாசலம். அவர் குரல் உடைந்திருந்தது.

படியை மறித்துக்கொண்டு ராமாயி நின்றிருந்தாள். விடிந்ததும் சந்தைக்குக் கிளம்பிப் போனவள். சாவுச் செய்தியை இந்த பஸ்ஸில், அருணாசலத்தின் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் சந்தைப் பெண்கள் ஒருத்தர்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரும் எறங்கக் கூடாதுங்கண்ணா. அவ செத்த அன்னைக்கே நாங்க எறங்கிட்டோம்னா அவ பேச்சுக்கு என்னங்க மருவாதி? அவ கோடி பஸ்ஸுலதான் ஊருக்குள்ள வரணும்."

மாதேஸ்வரன் பக்கத்தில் வந்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க. அந்தம்மா போனது எனக்கும் சங்கடந்தான். நேத்து மழையில ரோடு அரிச்சுக் கெடக்குதுங்க. இத்தன சனத்த வெச்சுக்கிட்டு வண்டி சாஞ்சா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. பொழுது சாய்ந்து வெயில் மலைமுகட்டுக்கு ஏறிவிட்டது. பைக்கில் போனால் கண்மூடித் திறப்பதற்குள் வீடு. நேரத்துக்கு எடுத்துவிடலாம், யாரோடும் பேச வேண்டியதில்லை. எல்லோரும் சாமியப்பனையே பார்த்தார்கள். முதல் ஆளாக இறங்கி நடக்கிற மனுஷன் என்ன சொல்வான் என்று அவர்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"சென்றாயா, நீ போயி பெரியவங்ககிட்ட சொல்லு. கோடி பஸ்ஸுல வருதுன்னு சொல்லு," என்றான்.

படியில் ஏறினான். ராமாயி ஒதுங்கி வழிவிட்டாள். மச்சானுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாக டிரைவரைப் பார்த்தான். இரண்டு தரம் கனைத்துக்கொண்டான்.

"ரோட்டப் பாத்துட்டுத்தானுங்க வந்தேன். அரிச்சது ஒரே எடத்துலதான். அங்க கல்லப் போட்டு நானே முன்னால நடந்து வழி காட்டறேன். சனமெல்லாம் அந்த எடத்துல மட்டும் எறங்கி ஏறிக்கட்டும். ஆனா இங்க எறங்க மாட்டோமுங்க."

மாதேஸ்வரன் பீடியைப் போட்டு மிதித்துவிட்டு ஏறினார்.

அரித்த இடத்தில் எல்லோரும் கல் சுமந்தார்கள். சந்தைப் பெண்களும் சுமந்தார்கள், கண்டக்டரும் சுமந்தான். சாமியப்பன் பஸ்ஸைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டு, "வாங்க, வாங்க, எடது பக்கம் ஒடிங்க," என்று கத்தினான். தனக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது அவனுக்கே தெரியாது. அவள் கேட்டிருந்தால் சிரித்தே மாய்ந்திருப்பாள் என்று நினைத்தான்.

பஸ் ஊருக்குள் நுழைந்தபோது மரங்களின் உச்சியில் வெயில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மேளம் நின்றது. அருணாசலம் கோடியை விரித்துத் தங்கையின் மேல் போர்த்தினார். அரக்குக் கரை அவள் மோவாய் வரைக்கும் வந்து அமைந்தது. அதுவரை அழாத சாமியப்பன் அப்போதுதான் வாய்விட்டு அழுதான்.

ஊருக்கு இருப்பது ஒரே ரோடு. பாடை அதில்தான் போக வேண்டும். பஸ்ஸைத் திருப்பி ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, மாதேஸ்வரன் செருப்பைக் கழற்றிப் போட்டு நின்றிருந்தார். பாடைக்குப் பின்னால் வந்த சாமியப்பன் அவருக்கு எதிரே நின்றான்.

"காலையில வருவீங்களா?"

"வாரேங்க."

"ஊருக்குள்ள?"

அவர் பஸ்ஸின் போர்டை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு அவளுக்குப் பால் ஊத்தணுங்க," என்றான் சாமியப்பன். "நாளன்னிக்கிருந்து நான் ஏறுவேன்."

அவர் தலையை அசைத்தார். பாடை நகர்ந்தது. சற்று நேரம் கழித்துப் பின்னால் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. இடுகாட்டுக்குத் திரும்பும் முனை வரைக்கும் அது ஹாரன் அடிக்காமல், கூட்டத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.