ஐஸில் ஒரு கைப்பிடி உப்பு

முதலாமாண்டு மாணவனுக்குப் பதினோரு கடமைகள் என்று ஜெயசீலன் சார் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். புதுச்சேரியில் ஓர் உடற்கல்விக் கல்லூரியில் விளையாட்டுக் காயங்களுக்கு முதலுதவி என்று ஒரு பாடம்; அதை நடத்துபவர் அவர். முதல் கடமை, தண்ணீர் கேனை நிரப்புவது. இரண்டாவது, பையில் பஞ்சு, கட்டுத்துணி, டேப், கத்தரிக்கோல் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது. மூன்றாவது, இரவல் போன கத்தரிக்கோலைத் திரும்ப வாங்குவது. இப்படியே இறங்கிப் பத்தாவதில் 'தெரியாததைச் செய்யாதே' என்றும், பதினொன்றில் 'செய்ததையெல்லாம் பதிவேட்டில் எழுது' என்றும் சாக்பீஸ் உடையும்படி அழுத்தி எழுதியிருந்தார்.

அசோகன் பதினொன்றையும் மனப்பாடம் செய்திருந்தான். ஜனகணமன போல, நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் வரும்.

2006 மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரக்காணத்தில் பெண்கள் கபடிப் போட்டி. கல்லூரியிலிருந்து மருத்துவக் குழு வருகிறது என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள். குழு என்பது மூன்றாமாண்டு பிரியதர்ஷினியும் முதலாமாண்டு அசோகனும். அசோகனைச் சேர்த்ததற்குக் காரணம், அவன் அந்த ஊர்க்காரன், வழி தெரியும் என்பது. வழி என்ன பெரிய வழி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் உப்பளம். உப்பளத்துக்கு இந்தப் பக்கம் மைதானம்.

மைதானத்துக்குப் பந்தல், சுனாமி நிவாரணத்தில் வந்த நீலத் தார்ப்பாய். ஆடுகளத்துக் கோடு, உப்பு. போட்டிக் கமிட்டித் தலைவர் பஞ்சநாதனுக்கு நாற்பது பாத்தி உப்பளம் இருக்கிறது. சுண்ணாம்பை எதற்குத் தேடிப் போக வேண்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பக்கெட் நிறைய உப்பை வைத்துக் கோடு போட்டுவிட்டார்கள். விழுந்து முட்டி தேய்ந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு இருமடங்கு துள்ளினார்கள்.

முதல் அரையிறுதியில் கூனிமேட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குத் தலையில் இடித்துக்கொண்டது. பிரியதர்ஷினி அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது வெளியே தலையை நீட்டி, "டேய், நான் வர்ற வரைக்கும் எதையும் புதுசா பண்ணாத" என்றாள்.

"சரிக்கா."

"தண்ணி குடு. ஐஸ் வை. ஈரத்துணி போட்டு வை. அவ்ளோதான்."

அசோகன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவன் எந்த மூன்றாமாண்டுக்கும் சளைத்தவன் இல்லை.

ஆட்டோ கிளம்பின இருபதாவது நிமிஷம், இரண்டாவது அரையிறுதியில், சங்கீதாவின் வலது கணுக்கால் மடங்கியது.

வேறு யாருடைய கணுக்காலாக இருந்தாலும் அசோகன் இவ்வளவு பதறியிருக்க மாட்டான். சங்கீதாவுக்கு வியாழக்கிழமை விழுப்புரத்தில் போலீஸ் செலக்ஷன். நானூறு மீட்டர் ஓட வேண்டும். போன தடவை இரண்டு செகண்டில் போய்விட்டது. வயது வரம்புப்படி இதுதான் கடைசித் தடவை. ஊருக்கே இது தெரியும். அவள் அம்மா சின்னப்பாப்பா, உப்புக்கூடை தூக்கும் ஒவ்வொரு நடையிலும் எதிரில் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு நாளில் ஓட்டத்தை வைத்துக்கொண்டு கபடி எதற்கு என்றால், அம்மாவும் மகளும் வேலை செய்வது பஞ்சநாதன் உப்பளத்தில். அவர், "நீ இல்லாம டீமா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். இல்லை என்று சொல்ல முடியாத இடத்திலிருந்து கேட்கப்பட்ட கேள்வி அது.

ஆட்டத்தை ஜெயித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். நொண்டிக்கொண்டே வந்து பந்தலில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"ஏம்பா, வியாழக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?"

"ஆயிடும்க்கா" என்றான் அசோகன். பத்தாவது கடமை அங்கேயே கொஞ்சம் கிழிந்தது.

கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. தெர்மோகோல் பெட்டியைத் திறந்தான். காலையில் வந்த ஐஸ் மத்தியானத்து வெயிலில் தண்ணீராகி, நான்கைந்து துண்டு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. இருபது நிமிஷம் வைக்க வேண்டும். இது ஐந்து நிமிஷத்துக்கு வராது.

அப்போதுதான் அவனுடைய மூளை வேலை செய்தது. அதுதான் அன்றைய துயரம். சின்ன வயதில் குல்ஃபி வண்டி காசிலிங்கத்தின் பின்னால் சுற்றியவன் அவன். காசிலிங்கம் பெட்டியிலிருக்கும் ஐஸின் மேல் ஒரு கைப்பிடி கல்லுப்பைத் தூவுவார். குல்ஃபி சாயங்காலம் வரை கல்லாட்டம் நிற்கும். உப்பு போட்ட ஐஸ் நின்று பேசும் என்பது மரக்காணத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஜெயசீலன் சாருக்குத் தெரியாது போலிருக்கிறது, பாவம், திருச்சிப் பக்கத்துக்காரர்.

கோடு போடும் பக்கெட்டிலிருந்து ஒரு கைப்பிடி உப்பை அள்ளி, ஐஸ் துண்டுகளோடு கேரி பேக்கில் போட்டுக் குலுக்கினான். கவருக்கு வெளியே வெள்ளையாகப் பூத்தது. அறிவியலே தன்னை வணங்குவதாக நினைத்தான். இவ்வளவு குளிர்ச்சிக்குக் குறுக்கே ஈரத்துணி வேறு எதற்கு என்று அதையும் விட்டுவிட்டு, வெறும் தோலின் மேல் வைத்துக் கட்டினான்.

ஐஸ் வைத்தால் நான்கு கட்டம் வரும் என்று சார் சொல்லியிருந்தார்: முதலில் சில்லிடும், அப்புறம் எரியும், அப்புறம் குடையும், கடைசியில் மரத்துப்போகும்.

"எப்டிக்கா இருக்குது?"

"எரியுது."

"எரியணும்க்கா."

"ரொம்ப எரியுது."

"புக்குலயே போட்டிருக்குது."

சங்கீதா பல்லைக் கடித்துக்கொண்டாள். புத்தகத்தில் போட்டிருப்பதைக் கேள்வி கேட்க அவள் பத்தாவதைத் தாண்டியிருக்கவில்லை. மூன்றாவது நிமிஷத்தில், "இப்ப ஒண்ணுமே தெரியல" என்றாள். பத்து நிமிஷம் பிடிக்கும் நான்கு கட்டமும் மூன்றே நிமிஷத்தில் முடிந்ததில் அசோகனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழாவது நிமிஷம் மைக்கில் பஞ்சநாதன் கீழ்புத்துப்பட்டு அணியையும் மரக்காணம் அணியையும் இறுதிப்போட்டிக்கு அழைத்தார். சங்கீதா கட்டைத் தானே அவிழ்த்துவிட்டு எழுந்து நின்றாள். இரண்டு அடி வைத்தாள். குதித்தும் பார்த்தாள்.

"வலியே போயிடுச்சிடா தம்பி."

பக்கத்தில் நின்ற சின்னப்பாப்பா கையெடுத்துக் கும்பிட்டாள். "மவராசன். எந்த டாக்டருடா இப்டிப் பண்ணுவான்?" அவள் சொல்லி வாய் மூடவில்லை, ரொம்ப நாளாக முட்டிவலியோடு திரிந்த மூன்று பெண்கள் புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

அசோகன் மட்டும் கணுக்காலைப் பார்த்தான். கேரி பேக் பட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்து, மெழுகுவர்த்தி போல இருந்தது. கவரின் சுருக்கம் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. குனிந்து ஒரு விரலால் அழுத்தினான். ஃப்ரிட்ஜில் வைத்த வெண்ணெயைத் தொட்டது போலிருந்தது.

"அக்கா, தெரியுதா?"

"இன்னா தெரியுதா?"

"தொடுறது."

"தொட்டியா?"

வலி போகவில்லை. வலியைச் சொல்ல வேண்டிய தோல்தான் போயிருக்கிறது. சுளுக்கு அப்படியே உள்ளே இருக்கிறது. இந்தக் காலோடு ஆடினால் எங்கே மடங்குகிறது என்றே அவளுக்குத் தெரியாது, மடங்கிக்கொண்டே ஆடுவாள், வியாழக்கிழமை விழுப்புரத்துக்கு யாராவது தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

"அக்கா, நீங்க ஆடக் கூடாது."

"ஏன்?"

"கால் சரியில்ல."

"நீதானே சரி பண்ண."

"சரியாகலக்கா."

"வலிக்கலயே." சங்கீதா சிரித்துக்கொண்டே களத்துப் பக்கம் நடந்தாள். தூரத்தில் நிற்பவர்களுக்கு ராணி நடையாகத் தெரிந்திருக்கும். அசோகனுக்கு அந்தப் பாதம் உள்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழுவது தெரிந்தது.

பஞ்சநாதனிடம் ஓடினான். அவர் மேஜையில் மைக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அசோகன் குனிந்து அவர் காதோரம், "ஐயா, சங்கீதாக்கா ஆடக் கூடாதுங்க" என்றான்.

"ஏம்பா, எழுந்து குதிக்கிறா, நீ இன்னா புதுசா?"

"மரத்துப்போயிருக்குதுங்க."

"மரத்துப்போனா நல்லதுதானே? ஃபைனல் முடியிற வரைக்கும் மரத்தே இருக்கட்டும்."

காரணத்தைச் சொல்லாமல் நிறுத்த முடியாது. காரணத்தைச் சொன்னால் மானம் போகும்; இத்தனை பேர் முன்னால் மவராசனாகி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பா வேறு உப்புக்குவியல் பக்கம் நின்று யாரிடமோ, "நம்ம பையன்தான்" என்று கை காட்டிக்கொண்டிருந்தார். நடுவர் விசிலை வாயில் வைத்தார்.

அசோகன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "ஐயா, நான் தப்புப் பண்ணிட்டேன். ஐஸ் பத்தலைன்னு உப்பு போட்டுட்டேன். துணியும் போடல. அக்கா காலு குளிர்ல வெந்துபோச்சு. வலி போகல, தோலு செத்துருக்குது. ஆடுனா காலு போயிடும்."

மைக் அணைக்கப்பட்டிருக்கவில்லை. பனைமரத்தில் கட்டியிருந்த இரண்டு குழாய்களும் அவன் வாக்குமூலத்தை எழுத்துப் பிசகாமல் எக்கியார்குப்பம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. அப்பாவின் கை மெதுவாக இறங்கியது. பெஞ்சில் முட்டியை நீட்டியிருந்த மூன்று பெண்களும் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.

சங்கீதா களத்தின் நடுவில் நின்று குனிந்து தன் காலைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். கிள்ளினாள். அப்புறம் அவள் முகத்தில் வந்ததை அசோகன் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டு பந்தலுக்கு வந்தார்கள். ஊரே வைத்தியம் சொன்னது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய் என்றார் ஒருவர். சுடுமணலில் காலைப் புதை என்றார் இன்னொருவர். ஒரு கிழவர் பற்பசையோடு வந்துவிட்டார்.

"யாரும் தேய்க்காதீங்க" என்றான் அசோகன். தேய்க்கக் கூடாது என்று எங்கோ படித்த ஞாபகம். இரண்டாமாண்டுப் பாடம், சீனியரின் புத்தகத்தைப் படம் பார்க்கப் புரட்டியபோது கண்ணில் பட்டது. சரிதானா என்று கேட்க ஆளில்லை. டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி, பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்தான். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு. முதலில் காலில் ஒட்டியிருந்த உப்பைக் கழுவினான். பிறகு வேறொரு பக்கெட்டில் அவள் காலை இறக்கிவிட்டு எதிரில் குந்தினான்.

சின்னப்பாப்பா அவன் தலைக்கு மேலே நின்றாள். "உப்பு நாங்க காலெல்லாம் பூசிக்கிட்டுத்தான்டா பொழைக்கிறோம். அது பத்தலன்னு நீ காலேஜி போய்ப் படிச்சிட்டு வந்து போடுறியா?"

தண்ணீர் ஆறியதும் மாற்றினான். மறுபடி மாற்றினான். வெளுப்பு அப்படியே இருந்தது. களத்தில் சங்கீதா இல்லாத மரக்காணம் அணி தோற்றுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாயிண்டையும் பஞ்சநாதன் மைக்கில், இவன் பெயரைச் சொல்லாமல், இவனுக்குக் கேட்கும்படி அறிவித்தார்.

பதினைந்தாவது நிமிஷம் சங்கீதா திடீரென்று அவன் தோளைப் பிடித்தாள். நகம் சட்டைக்குள் இறங்கியது.

"அக்கா, வலிக்குதா?"

"நெருப்பாட்டம் எரியுது சனியனே."

"நெஜமாவாக்கா?"

"அய்யோ, இவன் சந்தோசப்படுறான் பாரும்மா."

தோலில் திட்டுத்திட்டாகச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. அசோகன் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டே மூக்கைத் துடைத்தான்.

பிரியதர்ஷினி திரும்பியபோது பதிவேடு மேஜையில் திறந்திருந்தது. 'காயம்: கணுக்கால் சுளுக்கு. சிகிச்சை: ஐஸ், உப்பு. விளைவு: குளிரில் தோல் வெந்தது. காரணம்: அசோகன், முதலாமாண்டு.' அவள் இரண்டு தடவை படித்தாள். "காரணம்னு ஒரு கட்டமே இதுல இல்லடா" என்றாள்.

"நான்தான்க்கா கோடு போட்டேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சுளுக்கு லேசானது என்றார். இந்தக் காலோடு இறுதிப்போட்டி ஆடியிருந்தால் லேசாக இருந்திருக்காது என்றும் சொன்னார். கொப்புளம் வரும், உடைக்கக் கூடாது. வியாழக்கிழமை ஓடலாமா என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. "புதன்கிழமை ஒத்தக் கால்ல பத்துத் தடவ குதிக்கட்டும். வலியில்லாம குதிச்சா ஓடலாம். முடியலன்னா அனுப்பாதீங்க."

திங்களும் செவ்வாயும் அசோகன் கல்லூரிக்குப் போகவில்லை. ஜெயசீலன் சார் ஃபோனில் ஒரே வரிதான் சொன்னார், "அந்தப் பொண்ணு கால மொதல்ல பாரு." ஒரு நாளைக்கு இரண்டு வேளை சங்கீதா வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றினான். ஈரத்துணி போட்டு, கடிகாரம் பார்த்து, உப்பில்லாமல் ஐஸ் வைத்தான். சின்னப்பாப்பா ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்து ருசி பார்த்த பிறகுதான் விட்டாள்.

புதன்கிழமை காலை மூவரும் உப்பள வரப்புக்குப் போனார்கள். வெறுங்காலில் குதிக்க இறுகிய தரை அங்கேதான் இருந்தது. பாத்தித் தண்ணீரில் வெயில் ஏறிக் கண் கூசியது. சங்கீதா இடது காலை மடக்கி, வலது காலில் நின்றாள்.

"எண்ணு."

"வலிச்சா மறைக்கக் கூடாதுக்கா."

"எண்ணுடா."

ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் அவள் உதடு மடங்கியது. அவன் நிறுத்தினான்.

"வலிக்குதா?"

"கொப்புளத்துல கட்டு உரசுது. உள்ள இல்ல."

"நெஜமாவா?"

"உள்ள இருந்தா ஒனக்குத்தானே மொதல்ல நகம் படும்?"

அவன் டேப்பைப் பிரித்து, கொப்புளத்தைச் சுற்றிப் பஞ்சில் வளையம் கட்டி, மறுபடி ஒட்டினான். ஒரு சுற்று கோணலாகப் போனது. அதைப் பிரித்துத் திரும்பச் சுற்றினான். முதலிலிருந்து எண்ணினார்கள். ஆறு. ஏழு. எட்டில் சின்னப்பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பது.

பத்தாவதில் சங்கீதா வரப்பில் இறங்கி, இறங்கின காலிலேயே அசையாமல் நின்றாள். அசோகன் அவள் கணுக்காலைப் பார்க்கவில்லை; முகத்தைப் பார்த்தான். உதடு மடங்கவில்லை.

"பத்து" என்றான். மறுபடி சொன்னான்.

சங்கீதா மடக்கிய காலைக் கீழே வைத்து, புடவைக்கு மேல் போட்டிருந்த சட்டையை உதறிவிட்டுக்கொண்டாள். "நாளைக்கு அஞ்சு மணி பஸ்ஸு. டேப்பு எடுத்துக்கினு நீயும் வா."

"வர்றேன்க்கா."

சின்னப்பாப்பா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே திரும்பினாள். "வரும்போது பையத் தொறந்து என்கிட்ட காட்டிட்டு ஏறு."