பலகை இல்லாத தெரு

கணக்கெடுப்பாளர் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலேயே எழுதிய ஒரு பூஜ்யம், ஒரு பொதுக்கூடத்துக்குப் பூட்டு வாங்கித் தந்துவிட்டது. ஊரில் எத்தனை தொண்டு அமைப்புகள் என்று எண்ணுவது அவர் வேலை. பெயர்ப்பலகைகளை எண்ணினால் போதாதா என்பது அவராகக் கண்டுபிடித்த குறுக்குவழி. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. பங்களாத் தெருவில் முப்பத்தெட்டு பலகைகள். நாய்களைக் காக்கும் சங்கங்களுக்கு மட்டுமே மூன்று. மூடிக்கிடந்த ஆலைக்குப் பின்தெருவில் ஒன்றுகூட இல்லை. சங்கமே இல்லாத தெருவுக்குக் கூடம் எதற்கு என்று அலுவலகம் மூட உத்தரவிட்டது. அந்த உத்தரவைக் கூடத்தில் ஒட்டிவர அவரையே அனுப்பியது.

பசை வாளியோடு கூடத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஆலையில் ஃபிட்டராக இருந்தவர் யாருடைய சக்கர நாற்காலிக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தார். சுவர் முழுக்கச் சாக்பீஸ் எழுத்து: யாருக்கு யார் மருந்து வாங்குவது, எந்தப் பெரியவரை யார் குளிப்பாட்டுவது. கணக்கெடுப்பாளர் பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கினார். தெருவின் ஒவ்வொரு வீட்டு எண்ணும் இரண்டு முறை இருந்தது. கொடுக்கும் பக்கம் ஒருமுறை, வாங்கும் பக்கம் ஒருமுறை. ஒரு வீடுகூட விடுபடவில்லை. சுவரைக் காட்டிக் கேட்டார்.

"இதெல்லாம் எந்தச் சங்கம் நடத்துது?"

"சங்கமா? நாங்க ஒண்ணு சேர்ந்தா சண்டைதான் சார் நடக்கும்," என்றாள் தையல் மெஷினில் இருந்த அம்மாள்.

"தலைவர்னு ஒருத்தர்?"

"இன்னிக்குப் பாத்திரம் தேய்க்கிறவர்தான்," என்றார் ஃபிட்டர். "நேத்து நான் இருந்தேன். பதவி போயிடுச்சு."

"விளையாடாதீங்க."

"பசை காயுது சார். ஒட்டுறதுன்னா சீக்கிரம் ஒட்டுங்க."

கணக்கெடுப்பாளர் வாளியைக் கீழே வைத்தார். "அக்கா, இங்க ஒண்ணுமில்லைன்னு எழுதினது நான்தான். வண்டியை விட்டுக்கூட இறங்கல."

தையல் மெஷின் நின்றது. ஃபிட்டர் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி எழுந்தார். கணக்கெடுப்பாளர் ஒரு அடி பின்வாங்கி, பிறகு வெட்கப்பட்டு அந்த அடியைத் திரும்ப வைத்தார்.

"திருத்தி எழுதப் போறேன். ஏன் மாத்தினேன்னு மேலதிகாரி குடைவார். பங்களாத் தெருவுல காசு இருக்கு, பலகை மாட்டுறாங்க. இங்க எப்படிக்கா இவ்வளவு?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஆலை மூடினப்போ அரசாங்கம் ஏதாவது செய்யும்னு பார்த்தோம், செய்யல. கூலிக்கு ஆள் வைக்கவும் வழியில்ல. மிச்சம் இருந்தது பக்கத்து வீடு மட்டும்தான் தம்பி. கூடத்தை மூடினாலும் இது நிக்காது. ஆனா மழை வந்தா குழந்தைங்க நனையும். அதனால, திருத்தி எழுதுங்க."