பால்குடி மறக்கும் வரை

மேல்முறையீட்டுக் கோர்ட்டின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து டெலு மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாலைவனப் புழுதி படாமல் முக்காட்டை இழுத்துக் குழந்தையை மூடியிருந்தாள்.

குழந்தை பால்குடி மறந்த பிறகே தண்டனை என்று ஊர் ஷரியா கோர்ட்டு சொல்லியிருந்தது. தலாக் ஆனபின் புருஷனில்லாமல் பிள்ளை பெற்றதற்குத் தண்டனை, கல்லெறிந்து கொல்வது. மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது.

"அன்னிக்கு ஊர்க் கோர்ட்ல நீதிபதி கேட்டப்ப ஏண்டி தலையைக் குனிஞ்ச?" என்றாள் வக்கீல் ஹிந்தாத்து.

"பெரியவங்க முன்னால வேற எப்படி நிக்கிறதுக்கா?"

"அதைத்தான் குத்தத்தை ஒத்துக்கிட்டதா எழுதிட்டாங்க."

கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன கட்சினா ஊர் மாட்டு வியாபாரி, குர்ஆனில் கைவைத்து மறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். டெலுவின் வயிறு எங்கே போகும்? அதுவே சாட்சியாகிவிட்டது.

"கரு வயித்துக்குள்ள அஞ்சு வருஷம் வரைக்கும் தூங்கலாம்னு அவங்க சட்டப் புஸ்தகத்திலயே இருக்கு. உனக்குத் தலாக் சொன்னவன் பேரைச் சொல்லு. அவன் பிள்ளையா இருக்கலாம்கிற சந்தேகம் போதும், உயிர் தப்பும்."

டெலு பயந்துபோனாள். "அவர் பேரையா? நாலு வருஷம் குடும்பம் நடத்தினப்பவே சொன்னதில்லையே."

"சண்டை போட்டப்ப?"

"அந்த நெட்டைன்னு சொல்வேன்."

ஹிந்தாத்துவுக்குச் சிரிப்பு வந்தது. "நெட்டைன்னு கோர்ட்ல எழுத மாட்டாங்கடி."

உள்ளே முன்வரிசையில் பழைய மாமனார் உட்கார்ந்திருந்தார். டெலுவின் தங்கை குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவர்கள் வழக்கத்தில் தலைப்பிள்ளையைப் பெரியவர்கள் எதிரே பெற்றவள் ஏறிட்டுப் பார்ப்பதும், பெயர் சொல்வதும் வெட்கக்கேடு.

"யாருடைய குழந்தை இது?" நீதிபதி கேட்டார்.

டெலுவின் தலை தானாகக் குனிந்தது. குமாஸ்தா பேனாவைக் காகிதத்தில் வைத்தார்.

குழந்தை சிணுங்கியது. டெலு திரும்பினாள். அத்தனை பேர் எதிரிலும் மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சகீனா," என்றாள். "சபியு மக சகீனா."

மகன் பெயரைக் கேட்டதும் மாமனார் எழுந்து வெளியே போனார். நீதிபதி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாற்பது நாள் கழித்துத் தீர்ப்பு என்றார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் டெலு மகளை மடியில் போட்டு மார்போடு அணைத்தாள். சகீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு, சித்தி கையிலிருந்த காராமணி வடைக்குக் கை நீட்டினாள்.

"கொடுக்காதே," என்றாள் டெலு. "நாப்பது நாளைக்கு எதுவும் கொடுக்காதே."