பதினாறு திரைகளில் ஒரு பட்டப்பெயர்

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரே இடத்தில் வேலையும் பார்த்தால் என்ன ஆகும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இவர்கள் விஷயத்தில் ஆனது ஒன்றுதான்: காலையில் ஆரம்பித்த கேலி சாயங்காலம்வரை ஓயாது. நூலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அண்ணியின் வேலை. பின்பக்கம் ஒரு சின்ன அறை. நாத்தனார் வாசிப்புக் கூடத்தின் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கி, ஆளுக்கு ஒரு மணி நேரம் கணினி ஒதுக்குவாள்.

கூடத்தில் பதினாறு கணினிகள். ஒரு வெள்ளிக்கிழமை வைரஸ் புகுந்து பதினாறும் படுத்துவிட்டன.

"சனி, ஞாயிறு ரெண்டு நாள் லீவு இருக்கு. திங்கக்கிழமை கதவைத் திறக்கும்போது எல்லாம் ஓடணும்" என்றார் தலைமை நூலகர்.

பழைய சிடியிலிருந்து இயங்குதளத்தைப் போட முக்கால் மணி நேரம் ஆகும். அந்த சிடி வந்த பிறகு வெளியான திருத்தங்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் சர்வீஸ் பேக். அதை மேலே ஏற்ற இன்னொரு முக்கால் மணி. இதைப் பதினாறு தடவை செய்தால் ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் படுத்துவிடுவாள்.

"சர்வீஸ் பேக்கை சிடிக்குள்ளயே சேர்த்துடப் போறேன்" என்றாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க அண்ணி."

"சட்டையைப் போட்டுக்கிட்ட அப்புறம் பட்டன் வைக்கிறதுக்குப் பதிலா, தைக்கும்போதே வெச்சுடறது."

"அப்போ இத்தனை நாளா எங்களைப் பட்டன் இல்லாமதான் உக்கார வெச்சிருந்தீங்களா?"

அண்ணி வேலையில் இறங்கினாள். சிடியில் இருந்ததை எல்லாம் ஒரு ஃபோல்டரில் நகலெடுத்தாள். சர்வீஸ் பேக்கைப் பிரித்து அதோடு சேர்க்கும்படி கட்டளை கொடுத்தாள். பழைய கோப்புகள் போய்ப் புதியவை வந்து உட்கார்ந்தன. அதைப் புது சிடியில் எழுதி ஒரு கணினியில் போட்டாள். கணினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

கோப்புகளை அள்ளிக்கொண்டு வந்தால் மட்டும் போதாது. கணினியைத் தட்டி எழுப்புகிற ஒரு சிறு பகுதி மூல சிடியின் ஆரம்பத்தில் ஒளிந்திருக்கும். அதையும் எடுத்துச் சேர்க்க வேண்டும். அண்ணி அதை மறந்திருந்தாள். நாத்தனார் அந்த வீணான சிடியை வாங்கி, மேஜைமேல் வைத்து, அதன்மேல் தன் டீ கிளாஸை வைத்தாள்.

"இதுக்காவது உதவட்டும்."

அதையும் சேர்த்து எழுதிய இரண்டாவது சிடி கணினியை எழுப்பியது. அடுத்த தொந்தரவு, நடுநடுவே அது கேட்கிற கேள்விகள்: பேர் என்ன, மொழி என்ன, மணி என்ன என்று. பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்து பதில் சொல்லாமல் இருக்க, பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி சிடிக்குள் வைக்கலாம். தொடக்கத் திரையில் பேர் 'வாசகர்' என்று தமிழில் வர வேண்டும் என்பது தலைமை நூலகரின் ஆசை. தமிழ் எழுத்து உடையாமல் வருமா என்று அண்ணிக்குச் சந்தேகம்.

"டெஸ்ட் பண்ண ஏதாவது நீளமா அடிக்கணும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் இருக்கணும்."

"நம்ம வீட்டுப் பேரையே அடிங்களேன்" என்றாள் நாத்தனார்.

வீட்டுப் பேர் என்றால் அண்ணியின் கணவனுடைய பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் அவன் சொல்கிற பதிலே அவனுக்குப் பேராகிவிட்டது: 'நாளைக்குப் பார்ப்போம்'. மனைவியும் தங்கையும் சேர்ந்து வைத்த பேர். அண்ணி அதை அடித்தாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சோதனைக் கணினியில் தொடக்கத் திரை வந்தபோது, எழுத்து உடையாமல் வந்திருக்கிறதா என்றுதான் அண்ணி பார்த்தாள். முத்து முத்தாக வந்திருந்தது. வந்த சந்தோஷத்தில் கோப்பை மாற்ற மறந்து, அதே சிடிக்கு நான்கு பிரதிகள் எடுத்தாள். தினம் பத்துத் தடவை வாயில் புழங்குகிற பேர். கண்ணை உறுத்தவே இல்லை. ஞாயிறு மதியத்துக்குள் பதினாறும் முடிந்தன. மாலையில் வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கூட்டமே இல்லை. வந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், உள்ளே போனார்கள், இரண்டு நிமிடத்தில் திரும்பிப் போனார்கள். திரைகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த நாத்தனார், 'பரீட்சை முடிஞ்சிடுச்சு, அதான்' என்று நினைத்துக்கொண்டு வாரப் பத்திரிகை படித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அவள் மேஜைக்கு வந்தார். வெளிநாட்டில் இருக்கிற மகளுக்குத் தினமும் அங்கிருந்துதான் அவர் மின்னஞ்சல் எழுதுவார்.

"ஏம்மா, நேத்து வந்தேன். நாளைக்குப் பார்ப்போம்னு போட்டிருந்தீங்க. சரி, ஏதோ ரிப்பேர்னு போயிட்டேன்."

"எங்க போட்டிருந்துது?"

"கம்ப்யூட்டர்லதான். நேத்து சொன்ன 'நாளைக்கு' இன்னிக்குத்தானே? இன்னிக்கும் அதையே போட்டிருக்கீங்க. முப்பத்தஞ்சு வருஷம் நானும் அரசாங்க வேலை பாத்தவன்தான். ஆனா இப்படிச் சுவத்துல எழுதி வெச்ச மாதிரி நாங்க சொன்னதில்ல."

நாத்தனார் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பதினாறு திரைகளிலும், பளிச்சென்று, அவள் அண்ணன்.

அவள் பின்னறைக்கு ஓடுவதற்குள் தலைமை நூலகரே வந்துவிட்டார். அண்ணியும் வெளியே வந்தாள், முகத்தில் ஈயாடவில்லை.

"யாரும்மா இது, நாளைக்குப் பார்ப்போம்?"

"எங்க அண்ணன் சார்" என்று நாத்தனார் வாய் முந்திக்கொண்டது.

"உங்க அண்ணனுக்கு எதுக்கும்மா பதினாறு கம்ப்யூட்டர்?"

தபால்காரர் சத்தமாகச் சிரித்தார். நூலகர் சிரிக்காமல் இருக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்தியானத்துக்குள்ள மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். அண்ணி ஒவ்வொரு கணினியாகப் பேரை மாற்றினாள். முதலில் சரியானது தபால்காரருக்கு. அன்று அவருக்கு இரண்டு மணி நேரம்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவன் கோபப்படவில்லை. "ஒரு நாள் முழுக்க எல்லாருக்கும் லீவு விட்டிருக்கேன்னு சொல்லு" என்றான்.

ஆனால் அண்ணிக்கு மனசுக்குள் முள் குத்தியது. நூலகத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "நாளைக்குப் பார்ப்போம் சௌக்கியமா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டு நாளில் பதினாறு கணினியைத் தனி ஆளாக எழுப்பியதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், என்ன செய்வது?

வியாழக்கிழமை ஒரு பட்டியலில் கையெழுத்து வாங்க அண்ணி முன்பக்கம் வந்தபோது, நாத்தனார் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் வேறொரு கிளை நூலகம்.

"இல்லீங்க, மேல ஏத்தல, உள்ளயே சேர்த்துட்டாங்க. முதல்ல முழு சிடியையும் ஃபோல்டர்ல காப்பி பண்ணணும். பேக்கைப் பிரிச்சு அதோட சேர்க்கணும். முக்கியமா, சிடி ஆரம்பத்துல இருக்கே, மெஷினை எழுப்புறது, அதை விட்டுடக் கூடாது. விட்டா டீ கிளாஸ் வைக்கத்தான் ஆகும். ஆமா, எங்க அண்ணிதான். ரெண்டே நாளு, ஒத்தை ஆளு. உங்க ஆள் போன தடவை எத்தனை நாள் எடுத்தாரு? ஒரு வாரமா? ஐயோ பாவம்."

அண்ணி கதவருகிலேயே நின்றாள். கையெழுத்து வாங்காமல், சத்தம் காட்டாமல் தன் அறைக்குத் திரும்பினாள். புது சிடி ஒன்றை எடுத்து, அந்தக் கிளைக்கு ஒரு பிரதி எழுத ஆரம்பித்தாள்.