ஒரு கைப்பிடி, ஒரு எஞ்சின்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாரியம்மன் சன்னிதியில் கற்பூரத்தை அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம்.

எண்பத்து மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரிக்பீல்ட்ஸ் நாகையா கிள்ளானுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினான். பெண் புஷ்பவல்லி. அவள் அப்பா சின்னையா நேரம் பார்க்கிறவர். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிட்டால் மாப்பிள்ளை என்ன, மந்திரியே வந்தாலும் கேட்டைத் திறக்கமாட்டார்.

பாதி வழியில் மழை கொட்டியது. நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் போனவர்கள் எல்லாரும் சுரங்க வழிக்குள் ஒதுங்கினார்கள். உள்ளே எவ்வளவு நெருக்கம் என்றால், ஒருவர் தும்மினால் மூன்றாவது ஆள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில்தான் நாகையாவின் த்ராட்டல் கேபிள் அறுந்தது. கைப்பிடியை முறுக்கினான், எஞ்சினுக்கு எண்ணெய் போகவில்லை.

முன்னால் தூண்டிலோடு ஒரு சீனப் பெரியவர். அவரிடம் தூண்டில் நரம்பு கேட்டு வாங்கினான். குனிய இடமில்லை. கையை மட்டும் கீழே விட்டுத் துழாவி, கார்புரேட்டரில் இருந்த பழைய கம்பியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். நரம்பை அங்கே முடிந்து, மறுமுனையைத் தன் கைப்பிடியில் கட்டி முறுக்கினான். பக்கத்து வண்டி உறுமியது.

பக்கத்து வண்டிக்காரர் பெயர் இராமலிங்கம்.

"அண்ணே, என் கேபிள் எங்க?"

"சாக்கடையிலே போவுதுண்ணே. உங்க வண்டின்னு தெரியல லா."

"நல்லாருக்கு. நாலரைக்குள்ள நான் கிள்ளான்ல இருக்கணும். பொண்ணு பாக்க."

"நானும் அதுக்குத்தான். எந்த வீடு?"

"சின்னையா வீடு."

நாகையா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். நனைந்த நரம்பின் முடிச்சு அவிழவில்லை. அறுக்கலாமென்றால், அறுத்தால் இரண்டு பேரும் நடக்க வேண்டியதுதான்.

மழை விட்டது. வழக்கமாக நின்றுபோன வண்டியைத் தள்ளுகிற மாதிரி, இராமலிங்கம் பின்னாலிருந்து நாகையாவின் கால்மிதியில் காலை ஊன்றினார். எஞ்சின் அவருடையது, முறுக்கு இவனுடையது.

"முறுக்குண்ணே."

"முறுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க தள்ளுங்க."

"மாப்பிள்ளை நான்தான், ஞாபகம் வச்சுக்க."

"மொதல்ல போய்ச் சேருவோம் லா."

ஷா ஆலமில் ஒரு பஸ்ஸைக்கூட முந்தினார்கள். பஸ் டிரைவர் மரியாதையாக ஒதுங்கினார்.

சின்னையா கேட்டருகே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நாலரைக்கு இன்னும் இரண்டு நிமிடம். இராமலிங்கம் காலை எடுத்தார். நாகையா இறங்கினான், இறங்கும்போது கைப்பிடியை விடவேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. அது முழுசாக முறுகிக்கொண்டது. இராமலிங்கத்தின் வண்டி கேட்டைத் தாண்டிப் பறந்தது. நரம்பு பட்டென்று அறுந்தும் வேகம் குறையவில்லை.

சின்னையா தெருக்கோடி வரை பார்த்தார். "ரெண்டு பேரு வந்த மாதிரி இருந்துச்சே தம்பி?"

"அவரு பண்டமாரான் போறாரு மாமா."

"அப்ப நீ உள்ள வா."

எண்ணெய் தீர்ந்துதான் இராமலிங்கத்தின் வண்டி நின்றது. அவர் நடந்து திரும்புவதற்குள் ராகு காலம் பிறந்து கேட்டும் பூட்டியாகிவிட்டது. உள்ளே புஷ்பவல்லி நாகையாவுக்கு இரண்டாவது காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நிஜமாகவே கற்பூரத்தை ஏற்றிவிட்டீர்களானால் உண்மை இதுதான்: புஷ்பவல்லி, பிரிக்பீல்ட்ஸில் நாகையாவுக்கு அடுத்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த சொந்த மாமன் மகள்; அவளைப் பெண் பார்க்க யாரும் எங்கேயும் போனதில்லை.